பழைய ஆவணங்களோடு வேலை பழக மாணவர்களுக்கு என்ன வழி? (கிளிநொச்சி)

பரந்தன் பிள்ளை:
வணக்கம். நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வரலாறு, மூன்றாம் வருடம். வீடு பரந்தன் பக்கம். வெளிநாட்டு நூலகங்கள் கோடை விடுமுறைக்கு மாணவர்களை எடுத்து, பழைய கடிதங்களும் குறிப்பேடுகளும் கிடக்கிற பெட்டிகளை ஒழுங்குபடுத்த விடுகின்றன, அதற்குப் பணமும் கொடுக்கின்றன என்று அண்மையில்தான் அறிந்தேன். வாஷிங்டனில் காங்கிரஸ் நூலகத்தின் ஜூனியர் பெலோஸ் திட்டம் 10 வாரம். வாசித்த நாளிலிருந்து அதே நினைப்புத்தான்.

என்னிடம் இருப்பது இவ்வளவு. அப்பப்பா கமக்காரர் சங்கத்தில் செயலாளராக இருந்தவர். அவர் எழுதிய கூட்டக் குறிப்புக் கொப்பிகள் 11, ஒரு கட்டு பற்றுச்சீட்டு, சிறுபோகத்துக்கு (கோடை நெற்செய்கைக்கு) வயலில் பங்கு பிரித்த பட்டியல்கள். 2008 கடைசியில் இடம்பெயரும்போது அப்பா எல்லாவற்றையும் யூரியா பையில் சுற்றிக் கிணற்றடியில் புதைத்துவிட்டு வந்தார். 2010இல் திரும்பி வந்து கிண்டி எடுத்தோம். இரண்டு கொப்பி ஈரத்தில் கட்டியாக ஒட்டிப்போய்விட்டது. இதை ஒழுங்குபடுத்தினால் அனுபவம் என்று எடுப்பார்களா? அம்மா லமினேட் பண்ணி வைக்கச் சொல்கிறார், செய்யலாமா?

வவுனியா நூலகர்:
தங்கச்சி, முதல் வேலையாக அம்மாவிடம் சொல்லுங்கள், லமினேட் வேண்டவே வேண்டாம். சூட்டில் உருகி ஒட்டுகிற பிளாஸ்டிக்கைத் தாளுக்குச் சேதம் வராமல் திரும்பக் கழற்ற ஏலாது, தாளில் உள்ள அமிலமும் உள்ளேயே கிடந்து தாளைத் தின்னும். எங்கள் பக்கத்தில் பிறப்புச் சான்றிதழ், காணி பெமிற் எல்லாவற்றையும் இப்படிச் செய்துவிட்டு வருகிறார்கள், பார்க்கும்போது வயிறு எரியும்.

ஒட்டிப்போன இரண்டையும் கத்தி போட்டுப் பிரிக்காதீர்கள், அப்படியே தனியாக வையுங்கள். மற்றவற்றில் தாள்களைச் சேர்த்துக் குத்திய ஸ்டேப்லர் ஊசி துருப்பிடித்து இருந்தால் இழுக்கக் கூடாது. மெல்லிய பிளாஸ்டிக் துண்டு ஒன்றை ஊசிக்கும் தாளுக்கும் இடையில் செருகி, ஊசியின் மடிந்த முனைகளை மெதுவாக நிமிர்த்தி, அப்புறம்தான் எடுக்க வேண்டும். ஒரு ஊசிக்கு ஐந்து நிமிடம் போனாலும் போகட்டும்.

இன்னொன்று, இதுதான் பெரிய பாடம். திகதிப்படி அடுக்கிவிடலாம் என்று கை துடிக்கும். வேண்டாம். அப்பப்பா எந்தப் பற்றுச்சீட்டை எந்தக் கொப்பிக்குள் வைத்தாரோ அதுவும் ஒரு தகவல். மேலிருந்து கீழாக ஒவ்வொன்றுக்கும் இலக்கம் போட்டு (பென்சிலால் மட்டும்), என்ன, யார் எழுதியது, எந்த ஆண்டு, எத்தனை பக்கம், என்ன நிலை என்று ஒரு பட்டியல் எழுதுங்கள். அந்த வெளிநாட்டுத் திட்டங்களில் பிள்ளைகள் 10 வாரமும் செய்வது பெரும்பாலும் இதே வேலைதான். பெட்டியை நிலத்திலும் வைக்காதீர்கள், சுவரோடும் ஒட்டி வைக்காதீர்கள். வன்னிக் கறையானைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

முன்னாள் வரலாற்று மாணவன்:
நூலகர் அக்கா சொன்னது சரி. விண்ணப்பம் பற்றி மட்டும் சொல்கிறேன். அமெரிக்காவில் கோடை என்பது ஜூன் முதல் ஓகஸ்ட் வரை, அதற்கான அழைப்புகள் பல மாதம் முன்பே வந்து முடிந்துவிடும். கன இடங்களில் அந்த நாட்டில் படிக்கவேண்டும் அல்லது வேலை செய்ய அனுமதி இருக்கவேண்டும் என்று கேட்பார்கள். அந்த வரியை முதலில் தேடி வாசியுங்கள், கடிதம் எழுதி முடித்த பிறகு அதைக் கண்டு நான் அழுதிருக்கிறேன்.

ஆனபடியால் கிட்டவும் பாருங்கள். நூலகம் நிறுவனம் 2005இலிருந்து ஈழத்து நூல்களையும் ஆவணங்களையும் மின்வடிவாக்கி வருகிறது, அவர்களோடு கதையுங்கள். கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களம் இருக்கிறது. 1640 முதல் 1796 வரையான ஒல்லாந்தர் பதிவுகளும், ஆங்கிலேயர் காலத்து அரசாங்க அதிபர்களின் நாட்குறிப்புகளும் அங்கேதான். துறையிலிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு லீவில் ஒரு கிழமை போய் இருந்து பாருங்கள். அதிகாரி வன்னியைப் பற்றி எழுதியது அங்கே, வன்னிக் கமக்காரர் தாமே எழுதியது உங்கள் வீட்டில். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்த பிள்ளையின் விண்ணப்பம் தனியாகத் தெரியும்.

உருத்திரபுரத்தான்:
பிள்ளை, நான் படித்தவன் இல்லை, வயல்காரன். இரணைமடுக் குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று பார்த்துத்தான் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்று கூட்டத்தில் தீர்மானிப்பது. அந்தப் பட்டியலில் யார் யாருக்கு எவ்வளவு பங்கு என்று இருக்கும். பெமிற்றைத் தொலைத்துவிட்டு ஒரு அலுவலகத்துக்கு ஐந்து வருடமாக அலைந்தவன் நான், அப்படியான ஒரு பேப்பரின் பெறுமதி எனக்குத் தெரியும். அதே கொப்பியில் கடன்பட்டவர் பேரும், சண்டை பிடித்தவர் பேரும் இருக்கலாம். இன்ரநெற்றில் போட முதல் அந்தக் குடும்பங்களிடம் ஒரு சொல்லுக் கேளுங்கள். வாய்க்கால் பேர்கள் விளங்காவிட்டால் என்னிடம் வாருங்கள், பழைய ஆட்கள் இன்னும் நாலைந்து பேர் இருக்கிறோம்.

பரந்தன் பிள்ளை:
எல்லோருக்கும் நன்றி. லமினேட் கதை முடிந்தது, அம்மா ஒத்துக்கொண்டார். நேற்று மூன்றாம் கொப்பியை மட்டும் திறந்தேன். ஓரமெல்லாம் மண் கறை, ஆனால் பேனை எழுத்து அப்படியே நிற்கிறது. கடைசிப் பக்கத்தில் கிழமைக்குக் கிழமை குளத்துத் தண்ணீரின் அளவு, அடியும் அங்குலமுமாக எழுதியிருக்கிறார், ஓர் இடத்தில் மட்டும் வேறு யாரோ பச்சை மையால் திருத்தியிருக்கிறார்கள். பக்கத்தில் அடிமட்டம் வைத்துப் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து வைத்திருக்கிறேன். ஐயா, ஞாயிறு பின்னேரம் அதைக் கொண்டு உருத்திரபுரம் வரலாமா? அந்தப் பச்சை எழுத்து யாருடையது என்று உங்களுக்குத் தெரியக்கூடும்.