கார் கூலர் பெட்டி குளிரவே மாட்டேன் என்கிறது, சனிக்கிழமை ஏலகிரி. என்ன வாங்கலாம்?

கேட் மூடியாச்சு | திங்கள், இரவு 9.40

வணக்கம். வீடு தண்டையார்பேட்டை. வருகிற சனிக்கிழமை விடியற்காலை நான்கு மணிக்கு ஏலகிரி கிளம்புகிறோம், ஞாயிறு ராத்திரி திரும்பிவிடுவோம். சின்ன பெட்ரோல் கார். நான், மனைவி, அம்மா, ஆறு வயதுப் பையன், ஒன்றரை வயதுப் பாப்பா. அம்மா இன்சுலின் போடுகிறவர். பாப்பாவுக்குப் பாலும் தயிரும் வேண்டும். கத்திரி வெயிலில் வேலூர், ஆம்பூர் வழியாகப் போவது எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இதற்காகவே ஆன்லைனில் 12 வோல்ட் ‘கார் ஃப்ரிட்ஜ்’ ஒன்று வாங்கினேன். ஏழரை லிட்டர், 3,400 ரூபாய். விளம்பரப் படத்தில் தர்பூசணியும் கூல்ட்ரிங்ஸும் பனி படர்ந்து உட்கார்ந்திருந்தன. சனிக்கிழமை வீட்டில் சோதித்தேன். வைஃபை ரூட்டர் அடாப்டரும் 12 வோல்ட்தானே, பின்னும் பொருந்துகிறதே என்று அதைச் செருகினேன். ஃபேன் ஏதோ முனகியது. இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் தண்ணீர் வைத்தபடியே இருந்தது.

சரி, காரிலேயே பார்த்துவிடலாம் என்று ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு வாசலில் நின்ற காரில் மாட்டினேன். எஞ்சின் போடவில்லை. என் காரில் சாவியை எடுத்தாலும் சாக்கெட்டில் கரண்ட் வரும். சாயங்காலம் பார்த்தபோது பாட்டில் பச்சைத் தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் தேவலை. இன்னும் ஓடட்டும் என்று விட்டுவிட்டுத் தூங்கிப்போனேன். காலை ஆறு மணிக்குச் சாவியைத் திருப்பினால் ‘டக் டக்’ என்கிறது, அவ்வளவுதான். தெருவே கூடித் தள்ளியது. பால்காரர் உட்பட.

பெட்டி ரிப்பேரா? புதன்கிழமைக்குள் திருப்பி அனுப்பலாம். வேறு வாங்குவதென்றால் எது? ஐயாயிரத்துக்கு மேல் போக முடியாது.

வயரிங் கடை, வியாசர்பாடி | திங்கள், இரவு 10.15

பெட்டியில் கோளாறு இருப்பதாகத் தெரியவில்லை தம்பி. அதன் சக்தியே அவ்வளவுதான்.

அதற்குள் கம்ப்ரஸரும் கிடையாது, கேஸும் கிடையாது. பிஸ்கட் அளவில் ஒரு பெல்டியர் தகடு இருக்கும். கரண்ட் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிரும், மறு பக்கம் சுடும். சுடுகிற பக்கத்தைத்தான் அந்த ஃபேன் ஊதி ஆற்றுகிறது. இந்த வகைப் பெட்டி வெளிச்சூட்டிலிருந்து 15, நன்றாக வேலை செய்தால் 20 டிகிரி இறக்கும். வெயிலில் கண்ணாடி ஏற்றி நிற்கும் காருக்குள் 50 டிகிரி சர்வசாதாரணம். அதில் 20 போனால் மீதி 30. நீங்கள் பார்த்தது அதைத்தான். அது தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறது, விளம்பரம்தான் பொய்.

எதற்கும் மூன்று விஷயம் பாருங்கள். பெட்டியில் ‘ஹாட்’, ‘கோல்ட்’ என்று ஸ்விட்ச் இருக்கும், எதில் இருக்கிறது? சிரிக்காதீர்கள், ஹாட்டில் போட்டுக்கொண்டு சண்டைக்கு வந்தவர் உண்டு. பின்பக்கத் துவாரம் சீட்டில் ஒட்டியிருந்ததா? சூடு வெளியேற நாலு விரல் இடமாவது வேண்டும். ரூட்டர் அடாப்டரில் எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருக்கிறது? வோல்ட் பொருந்தினால் போதாது.

கேட் மூடியாச்சு | திங்கள், இரவு 10.50

ஸ்விட்ச் கோல்டில்தான் இருக்கிறது அண்ணா. துவாரம் சீட்டோடு ஒட்டித்தான் இருந்தது, அது என் தப்பு. அடாப்டரில் 1.5 ஆம்பியர். பெட்டியின் அடியில் 48 வாட் என்று போட்டிருக்கிறது.

வயரிங் கடை, வியாசர்பாடி | திங்கள், இரவு 11.05

48ஐ 12ஆல் வகுத்தால் 4 ஆம்பியர். ஒன்றரையை வைத்து அது என்ன செய்யும்? காருக்கு வாருங்கள். சின்ன வண்டியில் பேட்டரி பெரும்பாலும் 35 ஆம்பியர்-ஹவர், அதாவது மணிக்கு ஒரு ஆம்பியர் வீதம் எடுத்தால் 35 மணி நேரம் வரும். மணிக்கு 4 வீதம் உறிஞ்சினால் ஒன்பது மணி நேரத்தில் முழுக் காலி. வண்டி ஸ்டார்ட் ஆகாத நிலை அதற்கு ரொம்ப முன்பே வந்துவிடும். நீங்கள் பதினாறு மணி நேரம் விட்டிருக்கிறீர்கள். பேட்டரி உயிரோடு இருப்பதே பெரிய விஷயம். கிளம்பும் முன் சார்ஜரில் முழுக்க ஏற்றி, ஒருமுறை லோடு வைத்துச் சோதித்துவிடுங்கள். அப்படி அடிமட்டம் வரை இறங்கிய பேட்டரியை நம்பி மலை ஏற வேண்டாம்.

எஞ்சின் ஓடும்போது, ஏசி காற்று படும் இடத்தில், ஏற்கெனவே குளிர்ந்த பொருளை அது காப்பாற்றும். சூடான பொருளைக் குளிர வைக்க ஆகாது. வேண்டாமென்றால் திருப்பிவிடுங்கள்.

பழைய லாஞ்சு | செவ்வாய், காலை 6.20

மீன்பிடித் தடைக்காலம், படகு கரையில் நிற்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். பொழுது போகாமல் உங்கள் கதையைப் படித்தேன்.

தம்பி, காசிமேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு குளிருக்கு ஆன்லைனில் தேடுகிறீர்கள். விசைப்படகில் நாள் கணக்காகக் கடலில் கிடக்கிறோம். மீன் கெடாமல் வருவது எதனால்? ஐஸ், கனமான சுவர், மூடியைத் திறக்காத கை. வேறொன்றும் இல்லை.

ஒரு நல்ல ஐஸ் பெட்டி வாங்குங்கள். உங்கள் குடும்பத்துக்கு 25 லிட்டர் போதும். கடையில் மூடியைத் திறந்து தட்டிப் பாருங்கள். நிறைய பெட்டியில் சுவருக்குள் ஃபோம் இருக்கும், மூடி வெறும் கூடாக இருக்கும். டொக்கு டொக்கு என்று காலிச் சத்தம் வந்தால் வைத்துவிட்டு வாருங்கள். அடுத்து, ஒரு காகிதத் துண்டை மூடியின் ரப்பரில் வைத்து மூடி, மெதுவாக இழுங்கள். சுலபமாக உருவிக்கொண்டு வந்தால் அந்த வழியாகக் குளிரும் வரும். நாலு பக்கமும் இப்படிப் பாருங்கள்.

தெர்மாகோல் பெட்டியும் குளிரை நன்றாகத்தான் பிடிக்கும், அதில் முக்கால்வாசிக்கு மேல் காற்றுதானே. ஒரு நாள் மீன் அனுப்ப அது போதும். ஆனால் பையன் ஒரு தடவை மேலே உட்கார்ந்தால் முடிந்தது. அப்புறம், துறைமுகப் பக்கம் பழைய மீன் பெட்டி மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள். எத்தனை கழுவினாலும் பாப்பா பாலில் வஞ்சிரம் வாசம் வரும். மீனுக்குப் போடும் ஐஸும் குடிக்கிற தண்ணீரில் செய்தது என்று நம்பாதீர்கள்.

மருந்துக் கடை அக்கா | செவ்வாய், காலை 11.30

எல்லாரும் தண்ணீர் பாட்டிலைப் பற்றியே பேசுகிறீர்கள். இன்சுலின்தான் முதலில்.

திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். அம்மா இப்போது பயன்படுத்திக்கொண்டிருக்கும் பேனாவை 30 டிகிரிக்குக் கீழே வெளியிலேயே வைக்கலாம், பெரும்பாலானவை நான்கு வாரம் தாங்கும். உங்கள் அட்டைப்பெட்டிக்குள் இருக்கும் தாளில் எத்தனை நாள் என்று பாருங்கள். இரண்டு நாள் பயணத்துக்கு அந்தப் பேனா அம்மாவின் கைப்பையில், ஏசி காற்று வரும் இடத்தில் இருந்தால் போதும். டேஷ்போர்டில் மட்டும் வைக்காதீர்கள், நிறுத்திய காரில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்.

மாற்றுக்கு எடுத்துப்போகும் புதியதுதான் பெட்டிக்குள். நிறைய பேர் சூட்டுக்குப் பயந்து ஐஸ் மேலேயே வைத்துவிடுகிறார்கள். உறைந்த இன்சுலினை உருக வைத்துப் போடக்கூடாது, தூக்கித்தான் எறிய வேண்டும். பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, துண்டில் சுற்றி, பெட்டியின் மேல்பகுதியில் வையுங்கள். ரூமில் ஃப்ரிட்ஜ் இருந்தால் ஃப்ரீசருக்கு அடியிலோ பின்சுவரை ஒட்டியோ வேண்டாம்.

ஊர்சுற்றி | செவ்வாய், மதியம் 1.10

கம்ப்ரஸர் வகை வாங்குங்கள் சகோ. வெளியே எத்தனை டிகிரி என்றாலும் கவலையில்லை, ஃப்ரீசராகவே ஓடும். பேட்டரி இறங்கினால் தானே நின்றுகொள்ளும். நான் மூன்று வருடமாக வைத்திருக்கிறேன்.

வயரிங் கடை, வியாசர்பாடி | செவ்வாய், மதியம் 1.25

பொருள் நல்ல பொருள்தான், மறுக்கவில்லை. அவர் ஐயாயிரம் என்கிறார் தலைவரே. நீங்கள் சொல்வது அதைப்போல மூன்று, நாலு மடங்கு. மாதம் இரண்டு முறை ரோட்டில் இருப்பவருக்குச் சரி.

மாடித்தோட்டம் | செவ்வாய், மாலை 4.00

மண்பானை வைக்கலாமே? எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜ் தண்ணீரே குடிப்பதில்லை.

பழைய லாஞ்சு | செவ்வாய், மாலை 5.45

ஏலகிரியில் பதினாலு கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றுக்கும் புலவர், வள்ளல் பெயர் வைத்திருக்கிறார்கள். பாரி வருவதற்குள் பானை சீட்டுக்கடியில் இருக்கும்.

கேட் மூடியாச்சு | செவ்வாய், இரவு 10.20

எல்லாருக்கும் நன்றி. பெல்டியரைத் திருப்பி அனுப்பப் போட்டுவிட்டேன். சாயங்காலம் பிராட்வே போய்ப் பெட்டி பெட்டியாகத் தட்டிக் காட்டினேன், கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். முதல் இரண்டிலும் மூடி காலிச் சத்தம். மூன்றாவது சரி. 26 லிட்டர், 2,300 ரூபாய், காகிதமும் பிடித்துக்கொண்டது. இப்போது ஐஸ் எவ்வளவு வேண்டும்? எங்கள் வீட்டில் ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ், ஃப்ரீசரில் மூன்று பாட்டிலுக்கு மேல் போகாது.

பழைய லாஞ்சு | புதன், காலை 6.05

கணக்கு சுலபம். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது இழுக்கும் சூடு, 80 லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி இறக்கப் போதும். நீங்கள் 33 டிகிரியில் இருக்கும் பத்து லிட்டர் தண்ணீரை அப்படியே உள்ளே வைத்து 8 டிகிரிக்குக் கொண்டுவர நினைத்தால் 25ஐப் பத்தால் பெருக்குங்கள், 250. அதற்கே மூன்று கிலோ ஐஸ் போய்விடும், பூந்தமல்லி தாண்டுவதற்குள். அதே தண்ணீரை முதல் நாளே ஃப்ரிட்ஜில் குளிர வைத்து எடுத்துப்போனால் ஐஸுக்கு வெளிச்சூட்டோடு மட்டும்தான் சண்டை. உள்ளே போகும் எல்லாமே குளிர்ந்து போக வேண்டும், பெட்டி உட்பட. முதல் நாள் ராத்திரி ஒரு ஐஸ் பாட்டிலைப் போட்டு மூடி வையுங்கள், காலையில் அதை எடுத்துவிட்டுப் புதிதாக அடுக்குங்கள்.

ஐஸ் தனியாக வாங்க வேண்டாம். ஒரு லிட்டர் பாட்டிலில் கழுத்துக்குக் கீழே வரை தண்ணீர் ஊற்றி உறைய வையுங்கள். உறையும்போது தண்ணீர் பத்தில் ஒரு பங்கு பெருகும், முட்ட முட்ட நிரப்பினால் வெடிக்கும். சின்னத் துண்டுகளைவிடப் பெரிய கட்டி நின்று உருகும். பெட்டியும் நனையாது, உருகினால் குடிக்கலாம். ஆறேழு பாட்டில் இருந்தால் போதும். ஃப்ரீசரில் இடம் இல்லையா? உங்கள் காரைத் தள்ளிய தெருதானே, வீட்டுக்கு இரண்டு பாட்டில் கொடுங்கள்.

உப்பு மட்டும் போடாதீர்கள். உப்பு கலந்த ஐஸ் பூஜ்யத்துக்கும் கீழே போகும், மருந்துக் கடை அம்மா சொன்ன இன்சுலின் உறைந்துவிடும்.

மருந்துக் கடை அக்கா | புதன், காலை 10.40

குடிக்கிற தண்ணீரைத் தனிப் பையில் வையுங்கள். சாதாரண கூலர் பை, 500 ரூபாய்க்குள் கிடைக்கும். பையன் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அதைத்தான் திறப்பான். பாலும் மருந்தும் இருக்கும் பெட்டியைச் சாப்பாட்டுக்கு நிறுத்தும்போது மட்டும் திறந்தால் போதும்.

கேட் மூடியாச்சு | திங்கள், இரவு 9.15

வந்துவிட்டோம். எதிர் வீட்டு அக்கா ஃப்ரீசரில் இரண்டு, மாடி வீட்டில் இரண்டு, எங்களுடையது மூன்று. வெள்ளி இரவு பதினொரு மணிக்குத் தெருவில் பாட்டில் வசூல் நடந்தது. அடியில் நான்கு பாட்டிலைப் படுக்க வைத்து, அதன் மேல் பால், தயிர், ஓரத்தில் இரண்டு பாட்டில் செருகி, மேலே துண்டு சுற்றிய டப்பா. இடைவெளியில் பழைய துணியை அடைத்தேன். ஏழாவது பாட்டில் தண்ணீர்ப் பையில்.

ஒரு சின்ன தெர்மாமீட்டரை டப்பா பக்கத்தில் வைத்திருந்தேன். ஆம்பூரில் பிரியாணிக்கு நிறுத்தியபோது 5 டிகிரி. பெட்டியையும் தூக்கிக்கொண்டு கடைக்குள் போனோம், மனைவி இன்னும் கேலி செய்கிறாள். சனி இரவு ரூமில் திறந்தபோது 6, பாட்டிலுக்குள் கட்டி பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. ஞாயிறு மதியம் 9 வரை ஏறியது, ஆனால் மருந்தை முதல் நாளே ரூம் ஃப்ரிட்ஜின் கதவுத் தட்டுக்கு மாற்றிவிட்டோம். இறங்கும்போது அது அம்மா கைப்பையில், பேனாவோடு வந்தது. ஒரு தயிர் பாக்கெட் மட்டும் பாட்டிலுக்கு அடியில் சிக்கி உடைந்தது. அடுத்த முறை டப்பாவில் ஊற்றிக்கொள்ள வேண்டும்.

இப்போது புதுப் பிரச்சினை. திரும்பும்போது அம்மா மலையில் ஒரு பலாப்பழம் வாங்கி, சுளை எடுத்து, காலிப் பெட்டியில் போட்டு மூடிவிட்டார். இரண்டு முறை சோப்பு போட்டுக் கழுவியும் வீடு முழுக்க வாசனை. நைனா, இதற்கு ஏதாவது வழி உண்டா?

பழைய லாஞ்சு | செவ்வாய், காலை 5.50

சமையல் சோடா இரண்டு ஸ்பூன், வெந்நீர் இல்லை, வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து உள்ளே முழுக்கத் தேய்த்து ஒரு மணி நேரம் விடுங்கள். மூடி ரப்பரைக் கழற்ற முடிந்தால் கழற்றித் தனியாகக் கழுவுங்கள், வாசனை ஒளிந்திருப்பது அங்கேதான். அப்புறம் மூடியைத் திறந்து மொட்டை மாடியில் இரண்டு நாள். மூடி வைத்தால்தான் வாசனை தங்கும். சுளை மீதி இருந்தால் காசிமேட்டுப் பக்கம் கொண்டு வாருங்கள்.