மாடல் 70: தாத்தாவின் பழைய ரைபிளும் இன்றைய தயாரிப்பும்

வெண்ணாற்றங்கரை (நீடாமங்கலம்) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். என் தாத்தா 1950களில் வாங்கிய, அமெரிக்க வின்செஸ்டர் நிறுவனத்தின் மாடல் 70 ரைபிள் எங்கள் வீட்டில் இருக்கிறது. .30-06 தோட்டாவுக்கானது, உரிமம் இப்போது அப்பாவின் பெயரில் உள்ளது. தாத்தா இளவயதில் கோடியக்கரைப் பக்கம் வேட்டைக்குப் போனவர். 1967இல் அங்கே சரணாலயம் வந்து, 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் வந்த பிறகு, அந்த ரைபிள் ஆயுதபூஜை நாளில் மட்டும் வெளியே எடுக்கப்படும் பொருளாகிவிட்டது.

டெக்சஸில் இருக்கும் அத்தான், அங்கே உரிமம் பெற்று மான் வேட்டைக்குப் போகிறவர், சென்ற மாதம் புதிய மாடல் 70 ஒன்றை வாங்கியிருக்கிறார். பழையதைவிட இது எல்லா வகையிலும் மேலானது என்று அவர் சொல்கிறார். அப்பாவோ, "1964க்கு முந்தியதுதான் ரைபிள், பிறகு வந்ததெல்லாம் பெயருக்குத்தான்" என்று ஒரே பிடியாக நிற்கிறார். இரண்டுக்கும் உண்மையில் என்ன வேறுபாடு? எங்களுடையதின் வரிசை எண் மூன்று இலட்சத்தில் தொடங்கும் ஆறிலக்க எண். கடந்த தேர்தலின்போது காவல் நிலையத்தில் ஒப்படைத்துத் திரும்பப் பெற்றபோது, குழலும் மரமும் சேரும் ஓரத்தில் செந்துரு படிந்திருந்தது. அப்பா அன்று முழுவதும் யாரிடமும் பேசவில்லை. அதற்கும் வழி தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பழைய ஆர்மரர் (ஒரத்தநாடு) எழுதியது:

தம்பி, முதலில் உங்கள் ஐயம் ஒன்றைத் தீர்த்துவிடுகிறேன். ஏழு இலட்சத்துக்குக் கீழே எண் இருந்தால் அது 1964க்கு முந்தியது. ஆகவே உங்கள் வீட்டில் இருப்பது உலகம் முழுவதும் தேடுகிற பழைய மாடல் 70தான்.

உங்கள் அப்பா சொல்வது பாதி சரி. 1936இல் வெளிவந்த மாடல் 70இன் உயிர்நாடி, போல்ட்டின் (கையால் முன்னும் பின்னும் தள்ளி இயக்கும் எஃகுத் தண்டு) வலப்பக்கத்தில் நீளமாக ஓடும் அந்த எஃகுக் கொக்கி. மௌசர் 98 என்ற ஜெர்மன் இராணுவ ரைபிளிலிருந்து வந்த முறை அது. மேகசினிலிருந்து, அதாவது தோட்டா அடுக்கும் பெட்டியிலிருந்து, தோட்டா மேலே ஏறும்போதே அதன் அடிவிளிம்பு கொக்கிக்குள் வழுக்கிச் சென்று உட்கார்ந்துவிடும். வெடிமருந்தில்லாத போலித் தோட்டாவைப் போட்டுப் பாருங்கள். போல்ட்டைப் பாதி தூரம் தள்ளி நிறுத்திவிட்டுப் பின்னால் இழுத்தால், தோட்டா கொக்கியின் பிடியிலேயே திரும்பி வரும். மெதுவாக இழுத்தால் உங்கள் காலடியில் விழும். வேகமாக இழுத்தால் தள்ளிப் போய் விழும். வெளியே தள்ளும் தகடு அசையாமல் நிற்பதால்தான் அப்படி.

1964இல் நிறுவனம் இதையெல்லாம் கைவிட்டது. ஒவ்வொரு பாகத்தையும் கடைந்தெடுக்கும் கூலி கட்டுப்படியாகவில்லை. 1962இல் வந்த ரெமிங்டன் 700 மலிவாகச் செய்யப்பட்டு விற்றுக்கொண்டிருந்தது. நீளக் கொக்கிக்குப் பதில் போல்ட்டின் முகத்திலேயே சிறிய கொக்கி ஒன்றை வைத்தார்கள். அதில் போல்ட் தோட்டாவை முன்னால் தள்ள மட்டுமே செய்யும். முழுவதும் மூடும்போதுதான் பிடிக்கும். பதற்றத்தில் பாதியில் பின்னால் இழுத்துவிட்டு மறுபடி தள்ளினால், முதல் தோட்டா சேம்பரில் (குழலின் பின்முனையில் தோட்டா அமரும் இடம்) கிடக்க, அடுத்தது அதன் பின்னால் போய் முட்டி நிற்கும். எதிரே காயம்பட்ட விலங்கு நிற்கும் நேரத்தில் அப்படிச் சிக்கினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். மரக்கட்டையில் கைப்பிடிப்புக்காகக் கையால் செதுக்கிய வரிகளும் போய், அச்சில் அழுத்திய வரிகள் வந்தன. அந்த ஆண்டுத் துப்பாக்கியைக் கையில் எடுத்தவர்கள் முகம் சுளித்ததில் வியப்பில்லை. ஆனால் நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும்: தோட்டாவின் அடியை முழுவதும் சுற்றி மூடும் அந்த போல்ட் முகம் வலுவானது, இலக்கில் துல்லியமும் குறையவில்லை.

உங்கள் அப்பா விட்டுவிட்ட பாதி இதுதான்: 1990களின் தொடக்கத்திலேயே நிறுவனம் நீளக் கொக்கியைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டது. 2006இல் வின்செஸ்டரின் நியூ ஹேவன் தொழிற்சாலை மூடப்பட்டு, 2008 முதல் பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனம் தென் கரோலினாவில் தயாரிக்கத் தொடங்கியபோதும் அதே கொக்கி, தவறிச் சுடாமல் தடுக்கும் அதே மூன்று நிலை சேஃப்டியோடுதான் வந்தது. ஆகவே உங்கள் அத்தான் வைத்திருப்பது 1964இன் பிள்ளையல்ல, உங்கள் தாத்தாவினுடையதின் பேரன்.

குடமுருட்டி (பாபநாசம்) எழுதியது:

ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். நான் .22 ரைபிளில் இலக்குப் பயிற்சி செய்பவன். பெரிய ரைபிளில் அனுபவம் குறைவு. என்றாலும் நம் பகுதிக்கு முக்கியமான வேறுபாடு மரக்கட்டையில் இருக்கிறது. பழைய மாடல் 70இல் குழலின் நடுப்பகுதி ஒரு திருகாணியால் முன்கட்டையோடு இறுக்கப்பட்டிருக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வால்நட் மரம் ஈரம் குடித்து உப்பும்போது அது குழலைத் தள்ளும். சித்திரையில் சரியாக அடித்த துப்பாக்கி கார்த்திகையில் வேறிடத்தில் அடிக்கும். இன்றைய தயாரிப்பில் குழல் மரத்தைத் தொடாமல் தனித்து நிற்கிறது. செயற்கைக் கட்டையோடும் கிடைக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் உங்கள் அத்தான் பக்கம்தான் நான் நிற்பேன்.

பழைய ஆர்மரர் எழுதியது:

குடமுருட்டி சொன்னது சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டிரிக்கரில் நான் பழையதையே விரும்புவேன். புதியதன் டிரிக்கர் ஒரு கூட்டுக்குள் அடைபட்டது. மிருதுவாகவும் சீராகவும் விடுபடும், அதை மறுக்க முடியாது. பழையது நாலைந்து துண்டுகள் மட்டுமே, திறந்தே இருக்கும். சேறு புகுந்தாலும் ஊதிவிட்டுத் துடைத்தால் போதும். வயல்வரப்பில் நடந்து பழகியவனுக்கு அந்த எளிமையின் அருமை தெரியும்.

இனித் துரு. தம்பி, கோபம் வேண்டாம். காவல் நிலைய அலமாரியில் அடுத்தடுத்துச் சாத்தி வைத்தால் எந்தத் துப்பாக்கியும் நம் ஊர் ஈரத்துக்குத் தப்பாது. உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோய், கட்டையைக் கழற்றச் சொல்லி, மரத்துக்குள் மறைந்திருக்கும் குழலின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். துரு பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். எஃகுக் கம்பளியை எண்ணெயில் நனைத்து மெதுவாகத் தேய்த்தால் மேல்துரு போய்விடும். உப்புத்தாள் போட்டால் எஃகின் மேலுள்ள நீலப் பூச்சும் சேர்ந்து போய்விடும், அது திரும்ப வராது. தோலுறையில் வைத்திருக்கிறீர்களா? தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். தேங்காய் எண்ணெய் தடவும் வழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். அது நாளாக நாளாகப் பிசினாகி போல்ட்டை இறுக்கும்.

வெண்ணாற்றங்கரை எழுதியது:

இருவருக்கும் நன்றி. தோலுறையும் உண்டு, தேங்காய் எண்ணெயும் உண்டு. தாத்தா காலத்துப் பழக்கம். இன்று காலை அப்பாவின் எதிரில் ரைபிள் காலியாக இருப்பதை உறுதிசெய்துகொண்டு, போலித் தோட்டாவைப் போட்டு, ஐயா சொன்னபடி போல்ட்டைப் பாதியில் நிறுத்தி இழுத்துப் பார்த்தேன். தோட்டா கொக்கியோடு திரும்பி வந்தது. அப்பா அதை மூன்று முறை செய்து பார்த்துவிட்டு, அத்தானுக்குக் காணொளி அழைப்புப் போடச் சொன்னார். அவரும் அங்கே அதையே செய்து காட்டினார். பழுதுபார்ப்பவரிடம் திங்கட்கிழமை போகிறோம்.