மேலே மணல், கீழே சுண்ணாம்பு: இந்த மண்ணில் பயிர் செய்தவர்களின் அனுபவங்கள்

வேதாரண்யம் பக்கம், மணல் கொல்லை:

மூன்றடி தோண்டியதும் கடப்பாரை 'ணங்'கென்று நின்றது. மாங்கன்று வைக்கக் குழி எடுத்துக்கொண்டிருந்தோம். அதுவரை சாம்பல் நிற மணல், மண்வெட்டியை வைத்தாலே சரிந்து விழும். அடியில் பார்த்தால் கிளிஞ்சலும் மணலும் ஒன்றோடொன்று இறுகி வெள்ளைப் பாளமாகக் கிடந்தது. ஒரு துண்டை உடைத்துப் பொடியாக்கி எலுமிச்சம்பழம் பிழிந்தேன். புசுபுசுவென்று நுரைத்தது. சுண்ணாம்பு.

அப்பா காலத்திலிருந்தே அந்தக் கொல்லையில் தென்புறம் வைத்த மரம் மட்டும் தேறாது. விதை சரியில்லை, கன்று சரியில்லை என்று இருபது வருடம் பேசியிருக்கிறோம். அடியில் என்ன இருக்கிறது என்று ஒருவரும் தோண்டிப் பார்த்ததில்லை.

கஜா புயலில் (2018 நவம்பர் 16) இதற்கு விடை கிடைத்தது. தென்புறம் சாய்ந்த மாமரங்களின் வேரைப் பார்த்தேன். தாம்பாளத்தைக் கவிழ்த்தது போலத் தட்டையாக, மூன்றடி ஆழத்தோடு நின்று பக்கவாட்டில் ஓடியிருந்தது. வடபுறத்தில் பாளம் இல்லை. அங்கே கிளைகள் முறிந்தன, ஆனால் பாதி மரங்கள் வேரோடு நின்றன. புயல் எங்கள் பக்கம் விட்டுவைத்தது கொஞ்சம்தான் என்பதால், நின்ற மரங்களைப் போய்ப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் பக்கத்து மணல்மேடெல்லாம் கடல் பின்வாங்கப் பின்வாங்க ஒன்றன்பின் ஒன்றாக விட்டுப்போன பழைய கரைகள். கடல் விட்ட மணலில் கடல் விட்ட சிப்பியும் இருக்கத்தானே செய்யும். மழைநீர் மேலே இருக்கும் சுண்ணாம்பைக் கரைத்து இறக்கி, கீழே இறுக வைக்கிறது. அதனால் ஒரே கொல்லையில் மேல்மண்ணில் சுண்ணாம்பே இருக்காது, அடிமண்ணில் கொட்டிக் கிடக்கும்.

இதைப் புரிந்துகொள்ளாமல் நிலக்கடலையில் இரண்டு போகம் நட்டப்பட்டேன். "உங்க மண்ணுலதான் சுண்ணாம்பு இருக்கே, ஜிப்சம் எதுக்கு?" என்று உரம் வாங்கிய இடத்தில் சொன்னார்கள். ஜிப்சம் கால்சியம் தருகிற உரம். போடவில்லை. செடி தளதளவென்று இருந்தது. பிடுங்கினால் பாதி காய் பொக்கு. அப்புறம்தான் ஒரு வேளாண் அலுவலர் விளக்கினார்: கடலைக் காய்க்கு வேண்டிய கால்சியத்தை வேர் ஏற்றித் தருவதில்லை, பூவிலிருந்து விழுது இறங்கி மண்ணுக்குள் போன பிறகு காயே தன்னைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து நேராக உறிஞ்சிக்கொள்கிறது. காய் பிடிப்பது மேல் இரண்டங்குல மண்ணில். மூன்றடிக்குக் கீழே எவ்வளவு சுண்ணாம்பு இருந்தாலும் காய்க்கு உதவாது. மேல்மண்ணை எடுத்து வினிகரோ எலுமிச்சைச் சாறோ விட்டுப் பாருங்கள். நுரைக்கவில்லை என்றால், மண் பரிசோதனையில் வேறு மாதிரிச் சொன்னாலொழிய, மண் அணைக்கும்போது ஜிப்சம் போடுங்கள். நானும் இப்போது நாற்பதாம் நாள் வாக்கில் ஏக்கருக்கு 160 கிலோ போடுகிறேன். மேலேயே நுரைக்கிற மண் என்றால் தேவையில்லை.

மற்றபடி கடலைக்கு இதைவிட நல்ல மண் கிடையாது. விழுது சிரமமில்லாமல் இறங்கும். ஆள் பிடுங்கும்போது காய் அறுந்து மண்ணில் தங்காது. உதறினால் மணல் கொட்டிவிடும், காய் கழுவினது மாதிரி இருக்கும். முல்லையும் அப்படித்தான். ஐப்பசி, கார்த்திகையில் எவ்வளவு கொட்டினாலும் மழை விட்ட மறுநாள் கொல்லைக்குள் செருப்பு ஒட்டாமல் நடக்கலாம், பூச்செடி வேர் அழுகாது.

நாகைக்குத் தெற்கே, கடலோரத் தோட்டம்:

அண்ணே, நீங்கள் சொன்ன அதே மணல்தான் எங்களுக்கும். நான் தண்ணீரைப் பற்றிச் சொல்கிறேன்.

எங்கள் தோட்டத்தில் ஆறேழு அடி தோண்டினாலே ஊற்று. நல்ல தண்ணீர். நூற்றைம்பது மீட்டரில் கடல்! வெளியூர்க்காரர்களுக்கு இது நம்பவே முடியாத விஷயம். மணல் மழையை ஓடவிடாமல் குடித்துவிடுகிறது, நல்ல தண்ணீர் எடை குறைவு என்பதால் உப்புத் தண்ணீர் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே சுமார் நாற்பதடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும் என்பது கணக்கு. திருப்பிப் பாருங்கள்: மேலே ஓரடி இறங்கினால் காலப்போக்கில் கீழிருந்து உப்பு நாற்பதடி ஏறும்.

எங்கள் தாத்தா ஊற்றுக்குழியில் இறங்கி, இரண்டு கையிலும் குடத்தை மொண்டு, கத்தரிக்கும் கீரைக்கும் ஊற்றிக்கொண்டே ஓடுவார். மண்ணில் தண்ணீர் நிற்காது என்பதால் காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம். பக்கத்துத் தோட்டத்தில் அஞ்சு எச்பி மோட்டார் போட்டு ஆழ்குழாயில் இழுத்தார்கள். மூன்றாவது கோடையில் தண்ணீர் உப்புக்கரித்துவிட்டது, எங்கள் குழியிலும் சுவை மாறியது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை. மணலில் தண்ணீர் யாருடைய வேலிக்குள்ளும் நிற்பதில்லை. ஒருவர் இழுத்தால் அடுத்தவர் தோட்டமும் சேர்ந்துதான் போகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26 அன்று கடல் தோட்டத்துக்குள் வந்தது. செடியெல்லாம் கருகி, மண் மேல் வெள்ளைப் பூத்துக் கிடந்தது. இனி அவ்வளவுதான் என்று நினைத்தோம். ஆனால் 2005 மழைக்குப் பிறகு கீரை முளைத்தது. மணலில் உப்பு பிடித்து நிற்க இடமில்லை, மழை அலசி இறக்கிவிட்டது. உள்ளே களிமண் வயல்காரர்கள் ஜிப்சம் போட்டு, தண்ணீர் கட்டி, வடித்து, ரொம்ப நாள் போராடினார்கள்.

லால்குடிக்கு வடக்கே, கல்லக்குடிப் பக்கம்:

உங்கள் சுண்ணாம்பு சில ஆயிரம் வருடத்துச் சிப்பி. எங்களுடையது பத்துக் கோடி வருடத்துக்கும் முந்தைய கடல். சிமெண்டுக்காக வெட்டி எடுக்கும் கல் அதுதான். டெல்டாவின் வாசலில் இருக்கிறோம், வாய்க்கால் தண்ணீரும் வருகிறது. சுற்றிக் கரிசல் நிறைய உண்டு. என் இரண்டு ஏக்கர் மட்டும் மணல் கலந்த மண், ஒன்றரை அடியில் சுக்கான்கல், அதாவது சுண்ணாம்பு உருண்டைகள்.

உழும்போது சுக்கான் உருண்டைகள் மேலே வந்துவிடும். அதனால் வேதாரண்யத்து அண்ணனுக்கு நேர்மாறாக எனக்கு மேல்மண்ணே நுரைக்கும். ஜிப்சம் செலவு இல்லை. ஆனால் கடலை முப்பது நாளில் மஞ்சளடித்துவிடும். முதலில் யூரியா பற்றாக்குறை என்று நினைத்து யூரியா போட்டேன். மாறவே இல்லை. இலையைப் பறித்து வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். நரம்பு பச்சையாக, இடையெல்லாம் வெளிறி, வலை போட்டது மாதிரி இருந்தது. அதுவும் குருத்திலை மட்டும், கீழ் இலை நன்றாகவே இருந்தது. தழைச்சத்துக் குறை என்றால் கீழ் இலைதான் முதலில் மஞ்சளாகும். இது இரும்புச்சத்துக் குறை. மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை, சுண்ணாம்பு அதைச் செடிக்குக் கிடைக்காமல் பூட்டி வைத்திருக்கிறது.

அன்னபேதியை (இரும்பு சல்பேட்) மண்ணில் போட்டால் அதையும் பூட்டிவிடும். இலையில்தான் தெளிக்க வேண்டும். பத்து லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் அன்னபேதி, 10 கிராம் சிட்ரிக் அமிலம். மாலையில் தெளிப்பேன். கரைத்த தண்ணீர் வெளிர்பச்சையாக இருக்க வேண்டும், துருநிறமாகிவிட்டால் அந்தக் கரைசல் பயன்படாது. பத்து நாள் கழித்து இன்னொரு தடவை. முதல் தெளிப்பில் ஒரு வாரத்திலேயே குருத்து பச்சை பிடித்ததைப் பார்த்தபோது எனக்கு வந்த நிம்மதியைச் சொல்ல முடியாது.

அடைமழைக்குப் பிறகோ அதிகமாகத் தண்ணீர் பாய்ச்சினாலோ இந்த மஞ்சள் கூடும். மஞ்சளைப் பார்த்தால் தண்ணீர் அளவையும் சேர்த்துப் பாருங்கள்.

உரத்தைப் பொறுத்தவரை நான் ஒரே தடவையாகப் போடுவதை விட்டுவிட்டேன். மூன்று நான்காகப் பிரித்துப் போட்டு, உடனே மண்ணோடு கலந்துவிடுகிறேன். யூரியாவை இந்த மண்ணில் மேலே தூவிவிட்டு வந்தால் பாதி காற்றில் போய்விடும், தண்ணீர் அதிகமானால் மீதி அடியில் போய்விடும்.

மன்னார்குடிப் பக்கம், களிமண்:

இவ்வளவு நாள் மணல்காரர்களைப் பார்த்துப் பாவம் என்று நினைத்திருக்கிறேன். மழைக்காலத்தில் எங்கள் வயல் வடிய வாரக்கணக்காகிறது. என் மாமனார் தோப்புத்துறைப் பக்கம் ஓர் ஏக்கர் மணல் கொல்லை தருகிறார். தென்னை வைக்கலாமா? எங்கே ஆரம்பிப்பது?

வேதாரண்யம் பக்கம், மணல் கொல்லை:

தாராளமாக வைக்கலாம் தம்பி. கன்று வாங்கப் போவதற்கு முன்னால் கடப்பாரையை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போங்கள். பத்து இடத்தில் நாலடி குழி தோண்டுங்கள். பாளம் தட்டுகிற இடத்தைக் குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். அங்கே தென்னை வேண்டாம். கடலை, எள், காய்கறி போடலாம். பாளம் அரையடிதான் இருந்து, கீழே மறுபடி மணல் வந்தால், குழிக்குழி உடைத்துவிட்டு வைக்கலாம்.

தென்னைக் குழிக்குள் தேங்காய் மட்டையை உட்புறம் மேலே பார்க்கும்படி இரண்டு வரிசை அடுக்குங்கள். மட்டை தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு மெல்ல விடும். அதன்மேல் மண்ணும் தொழுவுரமும். வண்டல் கிடைத்தால் விடாதீர்கள். அனுமதி வாங்கிக் குளத்து வண்டலை ஏற்றி வந்து கொட்டுங்கள். கோடையில் ராமநாதபுரம் பக்கத்துக் கீதாரிகள் ஆடு ஓட்டி வருவார்கள், ராத்திரி ஆட்டைக் கொல்லையிலேயே அடைத்துக் கிடை போடச் சொல்லுங்கள். மணலுக்கு ஆட்டுக்கிடையைப் போல எதுவும் ஒட்டாது. ஒரு பட்டம் சணப்பு (பசுந்தாள் உரப்பயிர்) விதைத்துப் பூக்கும் நேரம் மடக்கி உழுதுவிடுங்கள். ஆனால் இந்த மண் தின்றுகொண்டே இருக்கும். மட்கை ஒரு வருடம் போட்டால் அடுத்த வருடமே தேடும், வருடா வருடம் போட வேண்டும்.

முதல் குழியைத் தோண்டியதும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மணல் என்றால் நீங்கள் குடத்தைக் கீழே வைப்பதற்குள் காணாமல் போய்விடும். கால் மணி நேரம் நின்றால் அடியில் பாளம் இருக்கிறது. எத்தனை குழியில் நின்றது என்று எண்ணிவிட்டு இங்கே எழுதுங்கள், எந்தக் குழிக்கு என்ன வைக்கலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.