ஃபர்னஸ் ஓடி ஓடி நின்றுவிடுகிறது, என்ன பார்ட் மாற்ற வேண்டும்? அவசரம்

பனிமூட்டம்:
வீட்டைச் சூடாக்கும் கேஸ் ஃபர்னஸ் நேற்று ராத்திரியிலிருந்து மக்கர் செய்கிறது. ஸ்டார்ட் ஆகிறது, கொஞ்ச நேரம் ஓடுகிறது, அப்புறம் நின்றுவிடுகிறது. வீடு முழுக்க ஜில்லென்று கிடக்கிறது, கைக்குழந்தை வேறு இருக்கிறாள். தெர்மோஸ்டாட்டை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டேன், பேட்டரியும் புதிது. எந்தப் பார்ட் போயிருக்கிறது என்று மட்டும் சொன்னால் போதும், நானே வாங்கி மாட்டிக்கொள்வேன். சீக்கிரம் சொல்லுங்கள் ப்ளீஸ்.

காற்றுவாசி:
ஃபில்டர். வேறு எதையும் தொடும் முன் அதைக் கழற்றி விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள், வெளிச்சம் ஊடுருவவில்லை என்றால் கதை முடிந்தது. காற்று போதுமான அளவு போகாவிட்டால் தீயின் சூட்டை வீட்டுக் காற்றுக்கு மாற்றும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் அளவுக்கு மீறிச் சூடாகும், லிமிட் சுவிட்ச் பர்னரை அணைக்கும், புளோயர் மட்டும் ஓடி ஆறவைக்கும், ஆறியதும் மறுபடி பற்றும். நீங்கள் சொல்வது அப்படியே அதுதான். மெர்வ் எண் (எவ்வளவு நுண்ணிய தூசியைப் பிடிக்கும் என்ற அளவு) அதிகமுள்ள தடித்த ஃபில்டர் போட்டிருந்தால் புதிதாக இருந்தாலும் இதே தொல்லை வரும். அறைகளில் காற்று வரும் கிரில்களைச் சோபாவோ கம்பளமோ மூடியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

நீலச்சுடர்:
கொஞ்ச நேரம் என்றால் எவ்வளவு? இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். பற்றிய சில வினாடிகளில் அணைந்தால் ஒரு வழி, சில நிமிடம் ஓடி அணைந்தால் முற்றிலும் வேறு வழி. இன்னும் சில கேள்விகள்: கீழ்க்கதவில் சின்னக் கண்ணாடித் துளை இருக்கும், அதற்குள் கண்ட்ரோல் போர்டின் எல்இடி எத்தனை தடவை மின்னுகிறது? (அர்த்தம் கதவின் உட்பக்கத்தில் ஒட்டியிருக்கும்.) புகைக்குழாய் பிளாஸ்டிக்கா, தகரமா? நின்ற பிறகு தானாக மறுபடி ஸ்டார்ட் ஆகிறதா, இல்லை நீங்கள் ஏதாவது செய்தால்தான் ஆகிறதா? வீட்டில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கான அலாரம் இருக்கிறதா?

சாம்பல்பூனை:
ஃப்ளேம் சென்சார்தான், கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறேன். பர்னர் முன்னால் பீங்கான் அடியுடன் ஒரு ஒற்றைக் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். தீ எரிகிறதா என்று போர்டுக்குச் சொல்வது அதுதான். கம்பியில் படிவு ஏறினால் தீ எரிந்தாலும் போர்டுக்குத் தெரியாது, கேஸை மூடிவிடும். ஒரே ஒரு ஸ்க்ரூ. கழற்றி உப்புத்தாளால் தேய்த்து மாட்டுங்கள். பார்ட்டே வாங்க வேண்டாம்.

இரும்புக்கை:
மாடல் நம்பர் இல்லை, வயது இல்லை, எல்இடி காட்டும் கோட் இல்லை, "கொஞ்ச நேரம்". இங்கே கிளி ஜோசியம் பார்க்கவா உட்கார்ந்திருக்கிறோம்? நான் பலமுறை எழுதியதையே மறுபடி எழுதுகிறேன், இந்த முறையாவது படியுங்கள். தெர்மோஸ்டாட் சூடு கேட்டதும் முதலில் இண்டியூசர் மோட்டார் ஓடிப் புகைப்பாதையில் இழுவையை உண்டாக்கும், பிரஷர் சுவிட்ச் மூடும், இக்னைட்டர் சிவக்கும், கேஸ் வால்வு திறக்கும், தீ பற்றும், சென்சார் அதை உறுதி செய்யும், கொஞ்சம் கழித்துத்தான் பெரிய புளோயர் கிளம்பும். இதில் எந்தப் படி வரை போகிறது என்று பார்த்துச் சொல்லத் தெரியாதவர்கள் பார்ட் மாற்றுவதைப் பற்றிப் பேசக் கூடாது. அப்புறம் சாம்பல்பூனை, உப்புத்தாளா? அதன் மணல் துகள் கம்பியில் ஒட்டி நின்று புதுப் படிவாகும். மெல்லிய ஸ்டீல் வூல்தான் போட வேண்டும்.

சாம்பல்பூனை:
எங்கள் வீட்டில் ஒவ்வொரு சீசனும் உப்புத்தாள்தான், ஒன்றும் ஆகவில்லை.

இரும்புக்கை:
ஒவ்வொரு சீசனும் தேய்க்க வேண்டி வருகிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

சாம்பல்பூனை:
சார், அந்தக் கம்பி வழியாக ஓடுவதே சில மைக்ரோஆம்ப் மின்னோட்டம். அதை அளக்காமல் ஸ்டீல் வூலா உப்புத்தாளா என்று சண்டை போடுவதில் பயனில்லை. எர்த்து சரியில்லாவிட்டால் கம்பி பளபளவென்று இருந்தாலும் சிக்னல் வராது. மீட்டர் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா?

இரும்புக்கை:
என்னிடம் மீட்டரைப் பற்றியா.

நீலச்சுடர்:
இரண்டு பேரும் தனி இழை திறந்து தேய்த்துக்கொள்ளுங்கள். பனிமூட்டம், என் கேள்விகளுக்குப் பதில் வரவில்லை.

பனிமூட்டம்:
மன்னிக்கவும், குழந்தையைத் தூங்கவைத்துக்கொண்டிருந்தேன். ஃபில்டர் போன மாதம்தான் மாற்றினேன், மெலிதானதுதான். மாடல் நம்பர் ஸ்டிக்கர் அழிந்துவிட்டது. புகைக்குழாய் தகரம். சில வினாடி இல்லை, தீ நன்றாகப் பற்றி, புளோயர் வந்து, சூடு வர ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் அணைகிறது. தானாக மறுபடி வருவதில்லை. பர்னர் பக்கத்தில் சின்னதாக ஒரு சிவப்பு பட்டன் இருக்கிறது, அதை அமுக்கினால் திரும்ப ஓடுகிறது, அப்படியே அமுக்கி அமுக்கி ராத்திரியை ஓட்டிவிட்டோம். அலாரம் இருக்கிறது, அடிக்கவில்லை. அந்தப் பட்டனை மாற்றினால் சரியாகிவிடுமா?

நீலச்சுடர்:
இனி அந்தப் பட்டனைத் தொடாதீர்கள். ஃபர்னஸ் பக்கத்தில் உள்ள மின் சுவிட்சை ஆஃப் செய்யுங்கள், அதற்கு வரும் கேஸ் குழாயின் வால்வையும் மூடுங்கள், கைப்பிடி குழாய்க்குக் குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது என்று அர்த்தம். கேஸ் வாசனை இருந்தால் மட்டும் இது எதையும் செய்யாதீர்கள். எந்த சுவிட்சையும் தொடாமல் எல்லோரும் வெளியே போய், வெளியிலிருந்து போன் செய்யுங்கள்.

அது ரோல்அவுட் சுவிட்ச். பர்னரின் தீ எக்ஸ்சேஞ்சருக்குள் போக வேண்டும். அப்படிப் போகாமல் முன்பக்கம் வெளியே புரண்டு வந்தால் அந்தச் சூட்டில் விழுந்து ஃபர்னஸை நிறுத்தும் சுவிட்ச் இது. லிமிட் சுவிட்ச் பொதுவாகத் தானாக மீளும். இதை மனிதக் கை வைத்துத்தான் மீட்க வேண்டும் என்று செய்திருப்பதே யாராவது வந்து காரணத்தைப் பார்க்கட்டும் என்பதற்காகத்தான். எக்ஸ்சேஞ்சரில் விரிசல் இருக்கலாம், உள்ளே கரி அடைத்திருக்கலாம், புகைப்பாதை அடைபட்டிருக்கலாம், கேஸ் அழுத்தம் கூடியிருக்கலாம். புளோயர் கிளம்பிய பிறகுதான் விழுகிறது என்று நீங்கள் சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை. விரிசல் இருந்தால் புளோயர் காற்று அது வழியாகத் தீயின் பக்கம் புகுந்து ஜுவாலையை ஆட்டும்.

உங்களிடம் இருப்பது புகை அலாரமா, கார்பன் மோனாக்சைடு அலாரமா? இரண்டும் வேறு. வீட்டில் யாருக்காவது தலைவலி, குமட்டல், தலைசுற்றல், வழக்கத்தைவிட அதிகத் தூக்கம்? இருந்தால் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருக்காதீர்கள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய் அவசர எண்ணைக் கூப்பிடுங்கள்.

வேகத்தடை:
இவ்வளவு பயமுறுத்த வேண்டுமா? பழைய சுவிட்சுகள் பலவீனமாகிச் சும்மாவே விழும். ஒரு துண்டு வயரை அதன் இரண்டு முனைக்கும் குறுக்கே போட்டு ஓட்டிப் பாருங்கள், நிற்காமல் ஓடினால் சுவிட்ச்தான் கெட்டது, முடிந்தது.

இரும்புக்கை:
வேகத்தடை, நீங்கள் சொல்வதைச் செய்தால் சுவிட்ச் நல்லதாக இருந்து எக்ஸ்சேஞ்சர் கெட்டிருந்தாலும் நிற்காமல்தான் ஓடும். தீ வெளியே வந்து வயரையும் கதவையும் பொசுக்கும் வரை ஓடும். சோதனை என்றால் இரண்டு விதமான பதில் வர வேண்டும், உங்கள் சோதனையில் ஒரே பதில்தான். தம்பி பனிமூட்டம், மேலே நான் கடுமையாக எழுதியது வேறு, இப்போது சொல்வது வேறு: நீலச்சுடர் சொன்னதை அப்படியே செய்யுங்கள். இது உங்கள் கையால் பார்க்கிற வேலை இல்லை, என் கையால் வந்தாலும் எரிப்பு அளவு பார்க்கும் கருவி இல்லாமல் நான் பற்றவைக்க மாட்டேன்.

காற்றுவாசி:
அலாரத்தைத் தரைக்குப் பக்கத்தில் மாட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அடிக்காது. கார்பன் மோனாக்சைடு கனமான வாயு, கீழே தங்கும்.

சாம்பல்பூனை:
தவறு. அதன் மூலக்கூறு எடை 28, காற்றின் சராசரி சுமார் 29. கீழேயும் தங்காது, மேலேயும் ஒதுங்காது, சூடான காற்றோடு கலந்து வீடு முழுக்கப் பரவும். கீழே தங்குவது புரொப்பேன். அலாரத்தை அதன் அட்டையில் சொன்ன உயரத்தில், படுக்கையறைகளுக்கு வெளியே, மாடிக்கு ஒன்று என்று மாட்டினால் போதும்.

காற்றுவாசி:
எனக்குச் சொன்னவர் அனுபவஸ்தர்.

சாம்பல்பூனை:
அனுபவஸ்தருக்கும் 28ஐ விட 29 பெரிது.

நீலச்சுடர்:
இந்தச் சண்டையில் ஒரு விஷயம் விட்டுப்போகிறது. அலாரம் அடிக்கவில்லை என்றால் வாயு இல்லை என்று பொருள் இல்லை. அமெரிக்காவின் யூஎல் 2034 தரத்துக்குச் செய்த அலாரம் 70 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 70 பங்கு) அளவில் 1 மணி நேரத்திலிருந்து 4 மணி நேரம் வரை எடுத்துக்கொண்டு அடிக்கலாம், 400 பிபிஎம் அளவில் 4 முதல் 15 நிமிடத்துக்குள் அடிக்க வேண்டும். 70க்கும் நன்றாகக் குறைந்த அளவுகளில் பேசாமலே இருக்கும்படிதான் வடிவமைப்பு. அதன் பின்பக்கம் காலாவதித் தேதி இருக்கும், தேதி தாண்டியது சுவரில் தொங்கும் வெறும் பிளாஸ்டிக்தான்.

மழைக்கால மாமி:
கண்ணா, இதற்கிடையில் சூட்டுக்காக கேஸ் அடுப்பையோ அவனையோ திறந்து எரிய விடாதே, அதிலிருந்தும் அதே விஷவாயுதான் வரும். மின் ஹீட்டர் இருந்தால் சுவர் பிளக்கில் நேராகச் செருகு, எக்ஸ்டென்ஷன் வயரில் வேண்டாம், திரை, போர்வை, தொட்டில் எல்லாவற்றுக்கும் தள்ளி வை. குழந்தையை எடுத்துக்கொண்டு சொந்தக்காரர் வீடு எங்காவது போய்விடுவது இன்னும் நல்லது.

வேகத்தடை:
நான் சோதித்துப் பார்க்கத்தான் சொன்னேன், நிரந்தரமாகப் போடச் சொல்லவில்லை.

இரும்புக்கை:
நிரந்தரமாக விட்டவர்கள் எல்லோரும் சோதிக்கத்தான் ஆரம்பித்தார்கள்.

நீலச்சுடர்:
பனிமூட்டம், இருக்கிறீர்களா? வீட்டை விட்டு வெளியே வந்துவிட்டீர்களா என்று மட்டும் ஒரு வரி போடுங்கள்.

சாம்பல்பூனை:
இன்னும் பதில் இல்லையா?

மழைக்கால மாமி:
எனக்கு வேலையே ஓடவில்லை. இந்தப் பிள்ளை ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா.

பனிமூட்டம்:
நன்றாக இருக்கிறோம். அக்கா வீட்டில் இருக்கிறோம். மனைவிக்கு லேசான தலைவலி இருந்தது, தூக்கம் கெட்டதால் என்று நினைத்தோம், ஆஸ்பத்திரியில் எல்லோரையும் பார்த்து அனுப்பிவிட்டார்கள். வீட்டில் இருந்தது புகை அலாரம் மட்டும்தான். டெக்னீஷியன் வந்து கேமரா விட்டுப் பார்த்தார், எக்ஸ்சேஞ்சரில் விரிசல், கேஸை மூடி சிவப்பு அட்டை கட்டிவிட்டுப் போய்விட்டார். முழு ஃபர்னஸையும் மாற்றச் சொல்கிறார். எல்லோருக்கும் நன்றி.

காற்றுவாசி:
விரிசல் ஏன் வந்தது? வருஷக்கணக்கில் காற்றோட்டம் குறைந்து எக்ஸ்சேஞ்சர் அதிகமாகச் சூடாகி ஆறி, சூடாகி ஆறித்தான். போன மாதத்துக்கு முன்னால் ஃபில்டர் எப்போது மாற்றினார் என்று கேளுங்கள். நான் முதல் பதிலிலேயே சொன்னேன்.

சாம்பல்பூனை:
நீங்கள் சொன்னது லிமிட் சுவிட்ச்.

நீலச்சுடர்:
எல்லோரும் பத்திரமாக இருப்பதில் நிம்மதி. முழுசாக மாற்றும் முன் ஒன்று விசாரியுங்கள்: எக்ஸ்சேஞ்சருக்கு மட்டும் மற்றப் பாகங்களைவிட நீண்ட வாரண்டி தருவது வழக்கம், ஆனால் கழற்றி மாட்டும் கூலி பெரும்பாலும் அதில் சேராது. ஃபர்னஸ் பழையதென்றால் அந்தக் கூலியைக் கொடுப்பதைவிடப் புதிது வாங்குவதே மேல் என்று அவர் சொல்வது நியாயமாக இருக்கலாம். விரிசலைக் கேமராப் படத்தோடு எழுத்தில் கேட்டு வாங்குங்கள், இன்னொருவரிடமும் காட்டுங்கள். அதுவரை யார் சொன்னாலும் அந்த அட்டையைக் கழற்றிப் பற்றவைக்க வேண்டாம்.

இரும்புக்கை:
வாரண்டிக்கு சீரியல் நம்பர் இல்லாமல் யாரும் பேசக்கூட மாட்டார்கள். வெளி ஸ்டிக்கர் அழிந்திருந்தால் புளோயர் கதவைக் கழற்றி உள்பக்கச் சுவரில் பாருங்கள், பல மாடல்களில் தகட்டில் இன்னொன்று இருக்கும். டார்ச் அடித்துப் படம் எடுத்து இங்கே போடுங்கள், எந்த வருஷத்து மெஷின் என்று நான் சொல்கிறேன்.