எட்டு மாதமாக வரைகிறேன், முகமெல்லாம் பப்பாளிக்காய் மாதிரி நீள்கிறது. தவறு எங்கே?

செம்பனைநிழல்:
அனைவருக்கும் வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை (எண்ணெய்ப்பனை) மில்லில் ஷிப்ட் வேலை பார்க்கிறேன், வயது 27. பள்ளியில் கலைக்கல்வி என்று ஒரு பாடம் இருந்தது. பாதி நாள் அந்த நேரத்தில் கணக்குதான் நடக்கும். அதனால் எல்லாவற்றையும் இப்போதுதான் சொந்தமாகப் படிக்கிறேன். தினமும் நாற்பது நிமிடம். ஆறு ஏ4 புத்தகம் தீர்ந்துவிட்டது.

சிக்கல் மூன்று. போனில் படத்தைப் பார்த்து முகம் வரைந்தால் நீண்டுவிடுகிறது. அம்மா பார்த்துவிட்டு, "யாருப்பா இது, காய்ச்சல்ல கெடந்து எழுந்தவரா?" என்று கேட்டார். அடுத்து, கோப்பிக் குவளை வரைந்தால் வாய் மீன் மாதிரி இரண்டு பக்கமும் கூராக முடிகிறது, அடிப்பக்கம் தட்டையாகி மேசையில் நிற்காமல் விழப்போவது போல இருக்கிறது. மூன்றாவது, முன்னால் படம் இல்லையென்றால் ஒன்றுமே வராது.

வகுப்புக்கு ஈப்போ போக ஷிப்ட் விடாது. தவணையில் டேப்லெட் வாங்கலாமா என்று யோசிக்கிறேன். வாங்கினால் சரியாகுமா?

கோடுகோடாக:
திறமை பிறவியிலேயே வர வேண்டும் நண்பரே. எட்டு மாதம் போதுமே, தெரிந்திருக்கும்.

மங்குக்காரி:
மேலே சொன்னதைக் காதில் வாங்காதீர்கள் தம்பி. டேப்லெட்டும் இப்போது வேண்டாம், இதே முகம் அதிலும் நீளும். ஒன்று சொல்லுங்கள்: எங்கே, எப்படி உட்கார்ந்து வரைகிறீர்கள்?

செம்பனைநிழல்:
தரையில் சம்மணம் போட்டு உட்கார்வேன் அக்கா. புத்தகம் முன்னால் தரையில் இருக்கும். போனைச் சுவரில் சாய்த்து வைப்பேன்.

மங்குக்காரி:
நினைத்தேன். முதல் சிக்கல் உங்கள் கையில் இல்லை, புத்தகம் படுத்திருப்பதில் இருக்கிறது. தரையில் கிடக்கும் தாளைச் சாய்வாகப் பார்க்கிறீர்கள். அப்போது அதன் நீளம் கண்ணுக்குச் சுருங்கித் தெரியும். சுருங்கித் தெரிவதைச் சரிக்கட்ட, உங்களுக்கே தெரியாமல் நீட்டி வரைகிறீர்கள். தாளைத் தூக்கி நேராகப் பிடித்தால் பப்பாளி.

சோதித்துப் பாருங்கள். வழக்கம் போல் உட்கார்ந்து ஒரு பெரிய வட்டம் போடுங்கள். பிறகு தாளைச் சுவரில் ஒட்டி, அளவுகோலால் அகலமும் உயரமும் அளந்து பாருங்கள். உயரம் கூடுதலாக வந்தால் இதுதான் காரணம்.

மருந்துக்குச் செலவே இல்லை. பழைய தினக்காலண்டர் அட்டையில் தாளைக் கிளிப் போட்டு, முழங்காலில் சாய்த்து வையுங்கள். பார்வை தாளில் நேராக விழ வேண்டும். நானும் இரண்டு வருடம் இப்படி நீட்டி வரைந்தவள்தான். யாரும் சொல்லவில்லை.

"சித்திரமும் கைப்பழக்கம்" என்பார்கள். சரிதான், ஆனால் கை தவறையும் அதே சிரத்தையோடு பழகிக்கொள்ளும்.

பழையதூரிகை:
நான் முப்பது வருடம் கடைப் பலகை எழுதியவன், இப்போது ஓய்வு. குவளை விஷயத்துக்கு வருகிறேன்.

தம்பி, குவளையின் வாய் வட்டம் என்று உங்களுக்குத் தெரியும். அடி தட்டை என்றும் தெரியும். அந்தத் 'தெரியும்' தான் கையைப் பிடித்து இழுக்கிறது. ஒரு குவளையைப் புத்தக அடுக்கின் மேல் வைத்து, வாய் உங்கள் கண்மட்டத்துக்கு வரும்படி செய்யுங்கள். வாய் வெறும் கோடாகிவிடும். ஒவ்வொரு புத்தகமாக எடுத்துக் கீழே இறக்குங்கள். கோடு மெல்லத் திறந்து நீள்வட்டமாகும், இறங்க இறங்க இன்னும் உருண்டு வரும். அடிவட்டம் வாயைவிடக் கண்மட்டத்திலிருந்து தள்ளி இருப்பதால், வாயைவிடக் கொஞ்சம் கூடவே திறந்திருக்க வேண்டும். நீங்கள் அதைத் தட்டையாக்கியதால்தான் குவளை விழுகிறது. கண்ணாடிக் குவளை என்று நினைத்து, பின்பக்கம் மறைந்திருக்கும் பாதியையும் சேர்த்து முழு நீள்வட்டமாகப் போடுங்கள்.

நீள்வட்டத்துக்கு எங்கும் கூர்முனை கிடையாது. முனையில் பென்சிலை நிறுத்தித் திருப்பினால் கூர் வரும். மணிக்கட்டை விட்டுவிட்டுத் தோளிலிருந்து கையை ஆட்டுங்கள். காற்றில் இரண்டு சுற்று, பிறகு தாளில் இறக்குங்கள்.

அப்புறம், படத்திலும் தாளிலும் கட்டம் போட்டு, கட்டம் கட்டமாகப் பார்த்து வரைவதைப் பலர் குறை சொல்வார்கள். எனக்கு முப்பது வருடம் சோறு போட்டது அது. சிறிய படத்தைப் பத்தடிப் பலகைக்கு ஏற்ற அதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் படிப்பதற்கு அது உதவாது. கட்டம் உங்களுக்காகப் பார்த்துவிடும், நீங்கள் பார்க்க மாட்டீர்கள்.

செம்பனைநிழல்:
ஐயா, அக்கா, நன்றி. கட்டமும் போட்டேன், ஒத்துக்கொள்கிறேன். மூன்றாவது சிக்கலுக்கு வழி உண்டா?

மங்குக்காரி:
உண்டு. ஒரு பொருளை ஒரு நிமிடம் பாருங்கள். முதுகுக்குப் பின்னால் வைத்துவிட்டு நினைவிலிருந்து வரையுங்கள். திரும்பப் பார்த்துத் தவறுகளை வேறு நிறத்தில் திருத்துங்கள். தினமும் ஒன்று போதும். முதல் வாரம் அழுகை வரும், பரவாயில்லை.

போன் படத்தைக் குறையுங்கள். கேமரா ஏற்கனவே எல்லாவற்றையும் தட்டையாக்கித்தான் கொடுக்கிறது, அந்த வேலையை உங்கள் கண் பழக வேண்டாமா? வெளியே வாருங்கள். தோட்டத்தில் இருந்துகொண்டு பெர்ஸ்பெக்டிவ் (தூரம் போகப் போகப் பொருள் சிறுத்துத் தெரிவதை வரையும் முறை) படிக்கக் காணொளி தேடுகிறோம், பாருங்கள்! செம்பனையைச் சுமார் 9 மீட்டர் இடைவெளியில் முக்கோணமாக நடுவார்கள். அதனால் சமதரையில் நின்று பார்த்தால் நிரைகள் வேறு வேறு திசையில் ஓடும். ஒவ்வொரு திசைக்கும் தனித்தனி மறைபுள்ளி (நிரைகள் தூரத்தில் ஒன்றுசேர்வது போலத் தெரியும் இடம்), எல்லாம் ஒரே கண்மட்டக் கோட்டில். இன்னொன்று கவனியுங்கள்: பக்கத்து மரமானாலும் கடைசி மரமானாலும், கண்மட்டக் கோடு தண்டை வெட்டும் இடம் தரையிலிருந்து ஒரே உயரம்தான், உங்கள் கண்ணின் உயரம். இதை வைத்தே தூரத்து மரங்களின் அளவு சரியா என்று பார்த்துவிடலாம். மேடு பள்ளத்தில் இந்தக் கணக்கு ஓடாது.

பால்மரம் (ரப்பர் மரம்) கிடைத்தால் இன்னும் நல்லது. வெட்டுக்கோடு இடமிருந்து வலமாகச் சரிந்து, தண்டைப் பாதி சுற்றி இறங்கும். அந்த ஒரு கோட்டைச் சரியாகப் போட்டால் தண்டு தானாக உருண்டு நிற்கும், நிழலே தேவையில்லை. என் அம்மா பால் வெட்டியவர். அந்தக் கோட்டை அவர் கத்தியால் போட்டதை நான் பென்சிலால் போட ரொம்ப நாள் ஆனது.

பழையதூரிகை:
ஒரே பொருளைத் திரும்பத் திரும்ப வரைய அலுக்காதீர்கள் தம்பி. ஓவியர் கே.எம். ஆதிமூலம் காந்தி நூற்றாண்டையொட்டிக் காந்தியை மட்டுமே நூறு கோட்டோவியங்களாக வரைந்தார். நீங்கள் ஒரு வாரம் ஒரு குவளையோடு இருக்கலாம். எல்லாத் தாளிலும் தேதி போடுங்கள், ஒன்றையும் கிழிக்காதீர்கள்.

செம்பனைநிழல் (மூன்று வாரம் கழித்து):
வட்டச் சோதனை செய்தேன். அகலம் 10 சென்டிமீட்டர், உயரம் 11.5! காலண்டர் அட்டைக்கு மாறிய அன்றே முகம் பாதி சரியாகிவிட்டது. மீதிப் பாதி என் கண்ணின் கோளாறு, அது தெரிகிறது. அம்மா இப்போது "இது நம்ம மாமா மாதிரி இருக்கே" என்கிறார். வரைந்தது மாமாவை இல்லை.

மேசையில் இருக்கும் குவளை நிற்கிறது. ஆனால் பால்மரத்தில் கம்பியில் தொங்கும் மங்கு (பால் பிடிக்கும் கிண்ணம்) சாய்ந்திருக்கிறது, அதன் வாய் மட்டும் மறுபடி மீனாகிறது.

பழையதூரிகை:
சாய்ந்த மங்குக்கு நீள்வட்டத்தைப் படுக்கையாகப் போட்டிருப்பீர்கள். முதலில் மங்கின் நடுவே அடியிலிருந்து வாய்க்கு ஒரு கம்பி குத்தியதாக நினைத்து அந்தக் கோட்டை இழுங்கள். நீள்வட்டத்தின் குறுகிய அச்சு அந்தக் கம்பியோடு போக வேண்டும், நீண்ட அச்சு அதற்குச் செங்குத்தாக. மங்கு எவ்வளவு சாய்கிறதோ நீள்வட்டமும் அவ்வளவு சாயும்.

செம்பனைநிழல்:
இன்று இரவு ஷிப்ட் ஐயா. முடிந்ததும் அப்படியே மோட்டாரை நிரைக்கு விடுகிறேன். வெயில் ஏறும் முன் நாலு மங்காவது வரும்.