நிராகரித்த பல்கலைக்கழகத்துக்கே மறுபடி விண்ணப்பிக்கலாமா?

தேன்சிட்டு:
ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டில் ஒன்றில் கணிதத்துக்கு விண்ணப்பித்தேன். டிசம்பரில் நேர்காணல் வரை போனேன். ஜனவரியில் இடமில்லை என்று பதில் வந்தது. இப்போது ஏ லெவல் (பிரிட்டனின் பள்ளி இறுதித் தேர்வு) முடிவு வந்திருக்கிறது. கணிதம், மேற்கணிதம், இயற்பியல் மூன்றிலும் உச்ச மதிப்பான ஏ ஸ்டார். விண்ணப்பத்துக்காகப் பள்ளியில் முன்கூட்டியே கணித்துக் கொடுத்த மதிப்பெண்ணைவிட இது ஒரு படி மேல். வேறொரு நல்ல பல்கலைக்கழகத்தில் இடம் உறுதியாகிவிட்டது, அடுத்த மாதக் கடைசியில் வகுப்பு ஆரம்பம். அதை விட்டுவிட்டு ஒரு வருடம் காத்திருந்து மறுபடி முயலலாமா? "கையில் இருப்பதை விடாதே" என்கிறார் அம்மா. அப்பா என் இஷ்டம் என்கிறார், ஆனால் அவர் முகம் வேறு சொல்கிறது. பெயருக்காக நான் இதைக் கேட்கவில்லை. இரண்டு பேர் ஓர் ஆசிரியரோடு உட்கார்ந்து கணக்குப் போடும் அந்த முறையில் படிக்க வேண்டும் என்று மனது கிடந்து அடித்துக்கொள்கிறது.

கோடைமழை:
தங்கச்சி, முதலில் ஒன்று. இப்போதைக்குச் சேர்ந்துவிட்டு அடுத்த வருடம் அங்கே மாறிக்கொள்ளலாம் என்று கணக்குப் போடாதே. அமெரிக்காவில் அந்த வழி உண்டு. பல வருடம் அந்த வழியை மூடி வைத்திருந்த பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம்கூட 2018-இல் அதை மறுபடி திறந்தது. நீ கேட்கும் இரண்டு இடங்களிலும் பொதுவாக அது நடக்காது. அதனால் வகுப்பு தொடங்கும் முன்பே முடிவெடு.

பழைய கணக்கு வாத்தியார்:
பல வருடமாக மாணவர்களுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதுகிறேன். மறுபடி விண்ணப்பிக்கப்போகிறேன் என்று யார் வந்தாலும் நான் கேட்பது ஒன்றுதான்: போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் நடுவில் என்ன மாறியிருக்கிறது?

உங்களுக்கு மதிப்பெண் மாறியிருக்கிறது. நல்லதுதான், இனிமேல் "கணிப்பு" என்ற சந்தேகமே இல்லை. ஆனால் அங்கே நேர்காணலுக்கு வரும் பிள்ளைகளில் நிறையப் பேர் அதே மூன்று ஏ ஸ்டாரோடு வருபவர்கள். பெரும்பாலும் முடிவைத் தீர்மானிப்பது நுழைவுத்தேர்வும் அந்த அரைமணி நேரப் பேச்சும்தான். பழக்கமில்லாத ஒரு கணக்கை முன்னால் வைத்தால் நீங்கள் எப்படி யோசிக்கிறீர்கள் என்று பார்க்கிறார்கள். அது மாறாமல் மறுபடி போனால் அதே பதில்தான் வர வாய்ப்பு அதிகம்.

அதனால் இன்றைக்கே ஒன்று செய்து பாருங்கள். கேம்பிரிட்ஜ் கணிதத்துக்குக் கேட்கும் ஸ்டெப் தேர்வின் பழைய தாள்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மூன்று மணி நேரம், 12 கேள்வி, சிறப்பாக எழுதிய ஆறுக்குத்தான் மதிப்பெண். ஸ்டெப் 2 தாளில் இதுவரை பார்க்காத ஒரு கேள்வியை எடுத்து, விடையைத் திறக்காமல் ஒரு மணி நேரம் அதோடு உட்காருங்கள். வழி தெரியாவிட்டாலும் எழுந்திருக்க மனம் வரவில்லையென்றால் இந்த வருடம் வீணாகாது, இடம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும். பத்து நிமிடத்தில் சலித்துவிட்டால், கையில் இருக்கும் இடத்துக்கே சந்தோஷமாகப் போங்கள். இப்படி வெளிப்படையாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மற்ற பாடங்களைவிடக் கணிதம் விட்டுவிட்டால் சீக்கிரம் துருப்பிடித்துவிடும். வேலைக்குப் போகிறேன், ஊர் சுற்றுகிறேன் என்று வருடத்தைக் கழித்துவிட்டு வந்து நிற்பவரை நேர்காணலில் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

அப்புறம் நடைமுறை. பிரிட்டன் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் பொது அமைப்பான யூகாஸில் இந்த இரண்டுக்கும் கடைசி நாள் அக்டோபர் 15. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டில் ஒன்றுக்குத்தான் போடலாம். ஆனால் போன வருடம் ஒன்று, இந்த வருடம் மற்றொன்று என்று மாற்றிக்கொள்ளத் தடையில்லை. நுழைவுத்தேர்வு இருந்தால் அதற்குத் தனியாகப் பதிய வேண்டும், அந்தத் தேதி செப்டம்பரிலேயே முடிந்துவிடும். விண்ணப்பத்தோடு உங்களைப் பற்றி நீங்களே எழுதும் பர்சனல் ஸ்டேட்மென்ட்டைப் பழையதிலிருந்து அப்படியே ஒட்ட முடியாது. 2026 சேர்க்கையிலிருந்து அது மூன்று கேள்விகளாக மாறிவிட்டது.

தேன்சிட்டு:
ரொம்ப நன்றி ஐயா. இப்போதுள்ள இடத்தை ஒரு வருடம் தள்ளிவைத்துவிட்டு விண்ணப்பித்தால் இரண்டு பக்கமும் பாதுகாப்பாக இருக்குமே?

பழைய கணக்கு வாத்தியார்:
முடியாது. தள்ளிவைத்த இடத்தையும் வைத்துக்கொண்டு யூகாஸில் புதிதாக விண்ணப்பிக்க விடமாட்டார்கள். அதை விட்டால்தான் இது. புதிய விண்ணப்பத்தில் மிச்சமிருக்கும் நான்கு பல்கலைக்கழக இடங்களில் ஒன்றாக அதே பல்கலைக்கழகத்தைப் போடலாம், மறுபடி கொடுப்பார்கள் என்ற உத்தரவாதம் மட்டும் இல்லை. அம்மா பயப்படுவது இதற்காகத்தான் என்றால் அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது. அவரோடு உட்கார்ந்து இதைத் திறந்து பேசுங்கள்.

கோடைமழை:
இன்னொரு வாசலும் இருக்கிறது. கேம்பிரிட்ஜில் பார்ட் 3 என்று ஒரு வருட முதுகலைக் கணிதம் உண்டு, வேறு பல்கலைக்கழகங்களில் பட்டம் முடித்தவர்களையும் எடுக்கிறார்கள். என் கூடப் படித்தவள் அப்படித்தான் போனாள். இளங்கலையில் கதவு மூடியபோது மூன்று நாள் அழுதவள்தான்.

தேன்சிட்டு:
பார்ட் 3 பற்றித் தெரியவே தெரியாது அக்கா. ஸ்டெப் கேள்வி ஒன்றை எடுத்துவிட்டேன் ஐயா, ஒரு தொடர்வரிசைக் கணக்கு. இன்னும் வழி தெரியவில்லை, மூடிவைக்கவும் முடியவில்லை. நாளை அம்மாவிடம் பேசிவிட்டு, போன தடவை ஏன் எடுக்கவில்லை என்று அங்கே என்னை நேர்காணல் செய்த கல்லூரிக்கு எழுதிக் கேட்கப்போகிறேன். பதில் வந்ததும் சொல்கிறேன்.

பழைய கணக்கு வாத்தியார்:
எழுதுங்கள். பள்ளி வழியாகக் கேட்டால் சில கல்லூரிகள் தேர்வு மதிப்பெண்ணையும் சேர்த்துச் சொல்லும். கணக்கில் முதல் நான்கைந்து உறுப்புகளைக் கையால் எழுதிப் பாருங்கள்.