வீட்டுக் கூடத்தில் உருவப்படம்: எந்த விளக்கு வாங்கலாம்?

ஈசூன்வாசி:
மகளின் அரங்கேற்ற அழைப்பிதழுக்கு சிங்கப்பூரில் எங்கள் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் கூடத்திலேயே படம் எடுக்க விரும்புகிறேன். கேமராவும் 50 மிமீ லென்ஸும் இருக்கின்றன. வேலை முடிந்து வருவதற்குள் இருட்டிவிடுகிறது. கூரை விளக்கையும் மஞ்சள் மேசை விளக்கையும் போட்டு எடுத்தால் முகத்தில் ஒரு பக்கம் மஞ்சள், மறுபக்கம் நீலம். கண்ணுக்குக் கீழே கருநிழல். சில படங்களில் குறுக்கே பட்டை பட்டையாகக் கோடுகள். 250 வெள்ளிக்குள் என்ன வாங்கலாம்? அவளுடைய மாநிறம் மாநிறமாகவே தெரிய வேண்டும். வெளுத்துக் காட்டும் படம் எனக்கு வேண்டாம்.

தேக்கா நிழற்படக்காரர்:
கோடுகளுக்குக் காரணம் பெரும்பாலும் கூரை விளக்கு. இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் சில விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும். மின்னணு ஷட்டரை விட்டுவிட்டு 1/50 அல்லது 1/100 நொடியில் எடுத்துப் பாருங்கள். நிறக் குழப்பம் இரண்டு விளக்குகளும் கலப்பதால் வருகிறது: ஒளியின் நிறத்தைக் கெல்வினில் அளப்பார்கள்; மஞ்சள் மேசை விளக்கு சுமார் 3000 கெல்வின், வெள்ளைக் கூரை விளக்கு 6500 கெல்வின். கேமரா ஒன்றுக்குத்தான் ஈடுகொடுக்கும். புது விளக்கு வந்ததும் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள்.

ஒரே எல்இடி விளக்கு போதும். சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதன் அளவு) 95க்கு மேல் இருக்கட்டும். அது குறைந்தால் மாநிறம் சாம்பல் பூத்துவிடும். 90 செமீ சாஃப்ட்பாக்ஸை (விளக்கின் ஒளியை மென்மையாக்கும் துணிப்பெட்டி) முகத்திலிருந்து ஒரு மீட்டருக்குள், பக்கவாட்டில் 45 பாகையில், கண்ணுக்குச் சற்று மேலே வையுங்கள். தள்ளி வைக்க வைக்க நிழல் கடினமாகும்; தூரம் இரட்டித்தால் வெளிச்சம் கால் பங்காகிவிடும்.

பொங்கோல் அக்கா:
தம்பி சொன்ன இடமும் அளவும் சரி. ஆனால் நாட்டியம் என்றால் நான் ஃபிளாஷைத்தான் சொல்வேன். முத்திரை பிடித்துத் திரும்பும் கையை எல்இடி வெளிச்சத்தில் எடுத்தால் விரல் கலங்கும். ஃபிளாஷ் அதை அப்படியே நிறுத்திவிடும். கையால் அளவு மாற்றும் சாதாரண ஃபிளாஷ், டிரிகர் (கேமராவிலிருந்து ஃபிளாஷை அடிக்க வைக்கும் கருவி), ஸ்டாண்டு, வெள்ளைக் குடை போதும். பெனின்சுலா கடைத்தொகுதியில் விசாரியுங்கள். கரோசல் இணையச் சந்தையில் பழையதாக வாங்கினால், முழு விசையில் பலமுறை அடித்துப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

ஈசூன்வாசி:
இருவருக்கும் நன்றி. ஆடும் படங்களும் வேண்டும், ஆகவே ஃபிளாஷ் வாங்குகிறேன். இன்னும் இரண்டு ஐயங்கள்: எங்கள் சுவர் இளம்பச்சை. சரிகையும் நெற்றிச்சுட்டியும் வெள்ளைப் புள்ளிகளாக எரிகின்றன.

பொங்கோல் அக்கா:
பச்சைச் சுவரில் பட்டுத் திரும்பும் ஒளி கன்னத்திலும் பச்சையை ஏற்றும். விளக்குக்கு எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை ஃபோம் போர்டை நிறுத்துங்கள், பாப்புலர் புத்தகக் கடையில் கிடைக்கும். மகளைச் சுவரிலிருந்து முடிந்தவரை முன்னால் நிறுத்துங்கள்.

நகை எரிவது விளக்கின் கோணத்தால். குடையைக் கொஞ்சம் பக்கமாக நகர்த்தினாலே மினுக்கம் கேமராவை விட்டு விலகிவிடும். ஃபிளாஷின் அளவைச் சரிகை எரிவது நிற்கும் வரைக்கும் குறையுங்கள். முகம் இருட்டினால் ஃபோம் போர்டைக் கிட்டே கொண்டுவாருங்கள். ஒப்பனைக்காரரிடம் ஒரு படி வெளுப்பான பவுடர் வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிடுங்கள். கழுத்துக்கும் முகத்துக்கும் நிறம் மாறிவிட்டால் எந்த விளக்காலும் அதைச் சரிசெய்ய முடியாது.